வேதாளமும் நீலியும்: சித்திரக்கதைகளில் அச்சத்தின் முகம்

கே.சி. சிவசங்கரன் என்னும் பெயரின் முதல் எழுத்து ஓர் ஊரைக் குறிக்கிறது. அது காரத்தொழுவு. இன்றைய திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதிப் பாசனப் பகுதியில் உள்ள சிற்றூர். பனியன் கம்பெனிப் பேருந்துகளும் கரும்பு வண்டிகளும் நூற்பாலைகளும் அடையாளமாகிவிட்ட எங்கள் வட்டாரத்தில், இந்தியச் சிறுவர்கள் பல தலைமுறையாகக் கண்டு அஞ்சிய ஒரு வேதாளத்தை வரைந்தவரின் பெயர் இவ்வூரைத் தாங்கியிருந்தது என்பதைப் பலர் அறியார். 'சங்கர்' என்ற நான்கெழுத்துக் கையொப்பம்தான் வாசகர்களுக்குத் தெரியும்.

தாராபுரம் பக்கத்தில் 1924 ஜூலை 19 அன்று பிறந்த சிவசங்கரன், பத்து வயதில் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். பள்ளிக்கல்வி முடிந்ததும் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் முதல்வராக இருந்த காலம் அது. 1946இல் 'கலைமகள்' இதழில் பணி. 1952இல் 'அம்புலிமாமா'. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், இதழ் நின்றுபோகும் வரை, அங்கேயே வரைந்தார். 2020 செப்டம்பர் 29இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப்பின் அறிவிக்கப்பட்டது.

மந்திரவாதிகளையும் சூனியக்காரிகளையும் பேய்களையும் பாத்திரங்களாகக் கொண்ட சித்திரக்கதைகள் இன்று உலகெங்கும் கிராஃபிக் நாவல் என்ற பெயரில் மதிப்பைப் பெற்றிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போது தமிழில் அதற்கு மரபே இல்லை என்பதுபோல் பேசிவிடுகிறோம். மரபு உண்டு. அது இரண்டு கிளைகளாக இருக்கிறது: ஒன்று சங்கர் போன்றோர் வரைந்த அச்சுச் சித்திரம், மற்றொன்று நம் காப்பியங்களும் சிற்பிகளும் வரைந்து வைத்த பேய்ப் பெண்டிரின் உருவம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, அஞ்சத்தக்கவர் என்று ஒருவரை வரையும்போது கலைஞன் உண்மையில் என்ன செய்கிறான் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோளின்மேல் ஒரு கேள்வி

'அம்புலிமாமா' 1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர வெளிவந்தது. தொடங்கியவர்கள் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும். 'பாதாள பைரவி' (1951) படத்தை எடுத்த அதே கூட்டணி. திரையில் ஒரு நேபாள மந்திரவாதியை நடமாட விட்டவர்கள், தாளிலும் மந்திர உலகம் ஒன்றை எழுப்பினார்கள் என்பது தற்செயலன்று. 1952 முதல் 1980 வரை கொடவடிகண்டி குடும்பராவ் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார்.

அம்புலிமாமா, கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும் கொண்ட காமிக்ஸ் அன்று. பக்கத்துக்கு ஒரு படம், அதைச் சுற்றிக் கதை. ஆனால் அந்தப் படம் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தம்பியும் அக்காள் படிக்கக் கேட்டபடி படத்தைப் பார்த்தே கதையைத் தொடர முடியும். இன்னொன்றும் உண்டு. இதழ் பல மொழிகளில் வெளிவந்தது. கதை மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டது. படம் மட்டும் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றே. உடுமலைப்பேட்டையில் ஒரு சிறுவன் கண்ட வேதாளமே ஒடிசாவிலும் குஜராத்திலும் சிறுவர்கள் கண்ட வேதாளம். எழுத்தால் எட்ட முடியாத ஒரு பொது நினைவை ஓவியரின் தூரிகை உண்டாக்கியது.

வேதாளக் கதைகளின் முகப்புப் படத்தைப் பார்த்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நள்ளிரவு மயானம். உருவிய வாளோடு விக்கிரமன். தோளில் பிணம். பிணத்திலிருந்து புகைபோல் நீளும் வேதாளம். காலடியில் மண்டையோடுகள். மாதந்தோறும் இதே காட்சிதான். ஒரே காட்சியை ஆண்டுக்கணக்கில் வரைவது ஓவியனுக்குத் தண்டனை. சங்கர் அதைப் பயிற்சியாக்கிக்கொண்டார். கோணம் மாறும், அரசனின் நடை மாறும், மரத்தின் முறுக்கு மாறும், காட்சி மாறாது. மாறாத ஒன்றுக்குள் சிறு மாற்றங்களைச் செய்வதில்தான் தொடர்கதை ஓவியனின் திறமை இருக்கிறது. பண்ணைப் பாடத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அவர் கற்ற கல்லூரியின் முதல்வர் உழைப்பாளர் சிலையை வடித்தவர். உடலின் தசையும் எடையும் அறியாமல் அங்கே யாரும் தேறியிருக்க முடியாது. அந்தப் பயிற்சி விக்கிரமனின் நடையில் தெரிகிறது. தோளில் பிணத்தைச் சுமப்பவன் எப்படிச் சற்றே சாய்ந்து நடப்பான், எந்தக் காலில் பாரம் இறங்கும் என்பது கோட்டில் இருக்கிறது. பாரம் உண்மையாக இருப்பதால்தான் வேதாளமும் உண்மையாகிவிடுகிறது. நம்ப முடியாததை நம்பவைக்கும் வழி, நம்பக்கூடியதைப் பிழையின்றி வரைவதுதான்.

ஒரு சிறு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழ்ப் பழமொழி அதை முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டது. மூலனூர் வட்டாரத்து முருங்கைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிறுவன் ஏறினாலே முறியும் கிளை அது. பிணம் எங்கே தொங்குவது! ஓவியர் பழமொழியைப் பின்பற்றவில்லை. முறுக்கிய கிளைகளும் பெருத்த அடிமரமும் கொண்ட முதுமரத்தையே வரைந்தார்.

மூல நூலில் கதைகள் இருபத்தைந்து மட்டுமே. அம்புலிமாமா அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புதிய கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்தது. சட்டகத்தின் விதி எளியது: வேதாளம் ஒரு வழக்கைச் சொல்லும், முடிவில் நியாயம் கேட்கும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே திரும்பும். இங்கே கவனிக்க வேண்டியது, அச்சம் தரும் உருவமே நீதியையும் கேட்கிறது என்பது. மயானத்துப் பேயை நாம் வெறுக்க முடியவில்லை. ஏனெனில் அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய கடமை நமக்கும் வந்துவிடுகிறது. போதாததற்கு மூலக்கதையின் இறுதியில் அரசனை எச்சரித்துக் காப்பாற்றுவது வேதாளம். பலியிடக் காத்திருந்தவன் துறவிக்கோலத்தில் இருந்த மனிதன். படம் அச்சத்தை ஓரிடத்தில் காட்டுகிறது, கதை ஆபத்தை வேறிடத்தில் வைத்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் வாசகன் வளர்கிறான்.

தாசரி சுப்ரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்கதைகளும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவை. 1954இல் தொடங்கி, வால்நட்சத்திரமும் மகரதேவதையும் பாதாளக் கோட்டையும் பாழடைந்த ஆலயமுமாக அவர் கட்டிய உலகம், பன்னிரண்டு தொடர்களாக நீண்டது. படம் வரைந்தவர் 'சித்ரா' எனக் கையொப்பமிட்ட டி.வி. ராகவன். தொடர்களில் எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. ஓவியரின் கையொப்பமோ ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இருந்தது. எழுத்தாளர் மறைந்து ஓவியர் மட்டும் தெரிந்த இந்த விசித்திரத்தை நம் இதழியல் வரலாறு போதிய அளவு பேசவில்லை.

மேற்கில் ஒரு மரக்கட்டை

கூர்த்தொப்பி, வளைந்த மூக்கு, துடைப்பம், கொதிக்கும் கொப்பரை. சூனியக்காரி என்றவுடன் இன்றைய குழந்தையின் மனத்தில் எழும் உருவம் இதுதான். இது ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே அது எப்படிப் பிறந்தது என்பதை அறிவது நல்லது.

1486ஐ ஒட்டி, சூனியக்காரிகளைக் கண்டுபிடித்து விசாரித்துத் தண்டிப்பதற்கான கையேடு ஒன்று ஜெர்மனியில் அச்சேறியது. 1489இல் உல்ரிச் மோலிட்டர் எழுதிய நூல் மரச்செதுக்குப் படங்களோடு வந்தது. கொப்பரை முன் நிற்கும் பெண்களையும், விலங்குத் தலையோடு கோலேறிப் பறப்போரையும் அப்படங்கள் காட்டின. பின்னர் ட்யூரரும் அவர் மாணவர் ஹான்ஸ் பால்டுங்கும் அதே பொருளை உயர்ந்த கலையாக்கினர். பால்டுங் 1510இல் செதுக்கிய சூனியக்காரிகளின் கூட்டம் கலை வரலாற்றில் தவிர்க்க முடியாத படைப்பு. ஆனால் அந்தப் படங்கள் உலவிய ஊர்களில்தான், அடுத்த இரு நூற்றாண்டுகளில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். படம் மட்டுமே கொன்றது என்று சொல்ல முடியாது. என்றாலும், அண்டைவீட்டுக் கிழவியைப் பார்த்தபோது மக்கள் எதைக் காணவேண்டும் என்பதைப் படம் முன்கூட்டியே சொல்லிவைத்தது.

நம்மிடம் இத்தகைய உருவம் இல்லையா? உண்டு. பிறப்பிடம்தான் வேறு. தமிழ்ப் பேய்மகள் போர்க்களத்திலும் ஈமக்காட்டிலும் பிறந்தவள், கொற்றவையின் சுற்றம். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் நொண்டி, குருடு, ஊமை, செவிடு, கூன், குறள் என வரிசையாக வருகின்றன. அவற்றின் ஊனங்களுக்குப் புலவர் பழைய போர்களையே காரணமாகச் சொல்கிறார். அரசன் பெற்ற வெற்றிகளின் கணக்கைப் பேயின் உடம்பில் எழுதிவைத்தது போன்ற வேலை இது. அதே நூலில் இந்திரசாலம் என்றொரு பகுதி உண்டு. காளிக்கு அஞ்சி ஓடிப்போன முதுபேய் ஒன்று இமயத்தில் ஓர் யோகினியிடம் மந்திரம் கற்றுத் திரும்பி வந்து, காளியின் முன் மாயக்காட்சிகளை நிகழ்த்துகிறது. பசித்த பேய்கள் மாயக் குருதியையும் பிணங்களையும் மெய்யென நம்பிப் பாய்ந்து ஏமாறுகின்றன. கல்வி கற்ற மந்திரக்காரி, மேடை, கூட்டம், நகைச்சுவை எல்லாம் 12ஆம் நூற்றாண்டிலேயே கட்டம் பிரித்து வைத்ததுபோல் இருக்கின்றன. சித்திரக்கதையாக்க இதைவிடப் பொருத்தமான பகுதியைத் தமிழில் தேட வேண்டியதில்லை.

சம்பாபதியின் தீர்ப்பு

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தை விவரிக்கும் காதையில் ஒரு கதை வருகிறது. சார்ங்கலன் என்னும் சிறுவன் இரவில் தனியே ஈமக்காட்டுக்குள் புகுகிறான். பிணந்தின்னும் பேய்மகள் ஒருத்தி ஆடுவதைக் காண்கிறான். நடுங்கி வீட்டுக்கு ஓடிவந்து, தாயிடம் பேய்க்கு உயிர்கொடுத்தேன் என்று சொல்லி இறந்துபோகிறான். பார்வையற்ற கணவனோடு வாழும் முதியவளான தாய் கோதமை, மகனின் உடலைத் தழுவியபடி கோட்டத்து வாயிலில் சம்பாபதித் தெய்வத்தை அழைக்கிறாள். அணங்கோ பேயோ என் மகனைக் கொன்றுவிட்டது என்பது அவள் குற்றச்சாட்டு. தெய்வம் தோன்றிச் சொல்லும் விடை நோக்கத்தக்கது. அணங்கும் சரி பேயும் சரி உயிரை உண்பதில்லை. அவன் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவன் உயிரைக் கொண்டுசென்றது என்கிறது.

சாத்தனாரின் நோக்கம் பௌத்த வினைக்கொள்கையை நிறுவுவது. ஆயினும் கதையமைப்பைப் பாருங்கள். மகனை இழந்த தாய், ஈமக்காட்டுப் பேய்மகள், சாட்டப்பட்ட கொலை, விசாரிக்கும் தெய்வம். ஐரோப்பியக் கையேட்டில் இக்கூறுகள் அனைத்தும் சேர்ந்தால் முடிவு நெருப்பு. மணிமேகலையில் முடிவு விடுதலை. குற்றவாளி பேயன்று, அச்சம் என்று தெய்வமே தீர்ப்புரைக்கிறது. இதே காப்பியத்தின் தலைவிதான் உருமாறவும் வான்வழி செல்லவும் பசி பொறுக்கவும் மூன்று மந்திரங்கள் பெற்றவள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வேறோர் ஊரில், வேறொரு காலத்தில், வேற்றுருக்கொண்டு வானில் பறக்கும் பெண் என்றால் அவளுக்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்.

இது கொண்டு தமிழ் மரபு முற்றும் தூயது என்று சொல்லவரவில்லை. நீலியைப் பார்த்தால் நம் மறுபக்கம் தெரியும். கணவனால் கொல்லப்பட்ட மனைவி பேயாகி, கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் அவையில் அவனைத் தன் கணவன் என்று சொல்லி வழக்குரைத்துப் பழிதீர்த்த கதை நாடறிந்தது. கொடுத்த வாக்குக்காகத் தீப்புகுந்த எழுபது வேளாளரின் பெருமையாக அக்கதை நிலைத்தது. கொலையுண்டவளுக்கு மிஞ்சியது 'நீலிக்கண்ணீர்' என்ற சொல். அழுதவளுக்கு அழக் காரணம் இருந்தது என்பதை மொழி மறந்துவிட்டது; கண்ணீர் போலி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. ஒரு மரபுத்தொடரே ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்ட இடம் இது. வகுப்பில் மரபுத்தொடர்களை நடத்தும் ஆசிரியர்கள் இந்தத் தொடரில் சற்று நின்று போகலாம்.

ஆனால் அதே பழையனூரின் நீலியை இன்னொரு புலவர் வேறு வழியில் நடத்திச் சென்றார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த அனுப்பப்பட்ட நீலி, அவர் அசையாமை கண்டு, அறம் கேட்டு, அவருடைய மாணவியாகிறாள். பின்னர் நாடெங்கும் சென்று பௌத்தரோடும் வேதவாதியோடும் பூதவாதியோடும் பிற சமயவாதிகளோடும் வாதிடுகிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த இந்நூலை இன்று தமிழ் மாணவர்களே அரிதாகத்தான் படிக்கிறார்கள். மயானத்துப் பேய் தத்துவம் பேசும் தலைவியாவது எந்த மொழியிலும் எளிதில் கிடைக்காத கதை.

பழையனூரை அடுத்திருப்பது திருவாலங்காடு. அங்கேதான் காரைக்கால் அம்மையார். அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற புலவர். சோழர் காலச் சிற்பிகளும் படிமக் கலைஞர்களும் அவரை வடித்த விதத்தைப் பார்க்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில், வற்றிய மார்பும் எழும்பிய எலும்புகளுமாகத் தாளமிட்டு அமர்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலப் படிமத்திலும் அதே வற்றல் உடல், முகத்தில் பரவசம். பால்டுங் மரத்தில் செதுக்கிய கிழவியின் உடலும் ஏறத்தாழ இதுவே: தளர்ந்த தோல், துருத்திய எலும்பு. அங்கே அந்த உடல் தீமையின் சான்று. இங்கே அது இசைபாடும் ஒருவரின் உடல். இறைவனால் அம்மையே என்று அழைக்கப்பட்டவரின் உடல். முதுமையின் உருவம் ஒன்றுதான். அதை எங்கே அமர்த்துவது, எதைச் செய்யவைப்பது என்பதில்தான் கலைஞனின் அறம் இருக்கிறது.

வரையப்படாத பக்கங்கள்

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சிவகாசி ஒரு தலைநகரம். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் பிறந்த லயன் காமிக்ஸும் பிரிட்டன், பெல்ஜியம், இத்தாலிக் கதைகளைத் தமிழாக்கி மூன்று தலைமுறையை வளர்த்தன. இவர்கள் தமிழுக்குக் கொணர்ந்த தொடர்களில் ஒன்று 'தோர்கல்'. எழுதியவர் ழான் வான் ஹாம். வரைந்தவர் போலந்து நாட்டு ஓவியர் ரோஸின்ஸ்கி. பிரெஞ்சு மூலத்தில் 1980இல் வெளியான இத்தொடரின் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே ஒரு மந்திரக்காரி இருக்கிறாள், வஞ்சிக்கப்பட்ட மந்திரக்காரி. கடலேற்றத்தில் மூழ்கிச் சாகும்படி அரசன் கட்டிவைத்த இளைஞனை, ஒற்றைக் கண்ணுடைய ஸ்லைவ் காப்பாற்றுகிறாள். கைம்மாறாக ஓராண்டுப் பணி கேட்கிறாள். அவள் கோபத்துக்குக் காரணம் அந்த அரசன் முன்பு செய்த துரோகம். பனியும் பாறையும் நிறைந்த ரோஸின்ஸ்கியின் பக்கங்களில் அவள் முதலில் அச்சமூட்டுகிறாள். கதை நகர நகர, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தொடங்குகிறோம். நீலியிடம் நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

இது வெறும் ரசனைப் பிரச்சினையன்று. சூனியக்காரி என்று பெண்களுக்குப் பட்டம் சூட்டித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஜார்க்கண்ட் தொடர்ந்தது. அசாம் சட்டமன்றம் 2015இல் நிறைவேற்றிய சட்டம் 2018இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. குறிவைக்கப்படுவோர் பெரும்பாலும் கைம்பெண்கள், தனித்து வாழும் முதியவர்கள், கொஞ்சம் நிலம் உடையவர்கள். மகன் இறந்தான், மாடு செத்தது, காய்ச்சல் பரவியது. உடனே ஒரு கிழவியைச் சுட்டுகிறது ஊர். கோதமையின் வழக்கு இன்னும் முடியவில்லை. சம்பாபதிதான் வரவில்லை.

2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் சங்கரின் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. பீருபாலா ராபா. அசாமில் சூனிய வேட்டைக்கு எதிராக ஊர் ஊராகச் சென்று போராடியவர்; 2024இல் மறைந்தார். அச்சமூட்டும் உருவத்துக்கு வாழ்நாளெல்லாம் முகம் வரைந்தவரும், அச்சத்தின் பெயரால் கொல்லப்படவிருந்த பெண்களைக் காத்தவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைப் பட்டியலிட்டவர்கள் எண்ணிச் செய்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவ்விருவரின் பணியும் ஒன்றையொன்று தொடுகிறது. சங்கரின் வேதாளம் பல தலைமுறைக் குழந்தைகளுக்குக் கற்றுத்தந்தது, பேயைக் கண்டால் கல்லெறி என்பதையன்று. அது ஒரு வழக்கைச் சொல்லும், காது கொடு, நியாயத்தை யோசி என்பதை.

தமிழில் இன்று நன்கு வரையும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கணினியில் வரைகிறார்கள், ஜப்பானிய மங்கா பாணியும் ஐரோப்பியப் பாணியும் அறிந்திருக்கிறார்கள். சூனியக்காரியை வரையச் சொன்னால் கூர்த்தொப்பியும் துடைப்பமும் வருகின்றன. அதில் குற்றமில்லை, பழக்கத்தில் வருவது. அவர்களுக்கு நம் முதுபேயின் இந்திரசாலத்தையும், நீலகேசியின் வாதங்களையும், ஆலங்காட்டு அம்மையின் வற்றல் முகத்தையும் எடுத்துக்கொடுக்க வேண்டியது தமிழ் கற்பிப்போரின் வேலை. நீலியின் கதையை அவளுடைய பக்கத்திலிருந்து, அவள் கண்ணீர் போலியன்று என்ற தொடக்கத்திலிருந்து, யாரேனும் ஒருவர் கட்டம் பிரித்து வரையத் தொடங்கினால் போதும். காரத்தொழுவு தந்த அந்தத் தூரிகைக்கு அதைவிடப் பெரிய நன்றிக்கடன் இருக்க முடியாது.